மெதுவாவும் பிடிக்கணும், நழுவவும் கூடாது

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சற்றுச் சுருக்கப்பட்டுள்ளது.)

இன்னைக்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன்ல வயித்துக்குள்ள போற இடுக்கியைப் பத்திப் பேசலாம். டாக்டர்கள் அதை கிராஸ்பர்னு சொல்வாங்க.

திருவண்ணாமலை கோயில் வாசல்ல பூக்கட்டுறவங்களைக் கவனிச்சிருப்பீங்க. நாரை இறுக்கி இழுத்தா மல்லிகைக் காம்பு அறுந்துடும். தளர விட்டா பூ உதிர்ந்துடும். அந்த அளவு விரலுக்குத்தான் தெரியும். அதே பூவை ஒரு அடிக்கும் நீளமான இடுக்கியால, திரையைப் பார்த்துக்கிட்டே கட்டச் சொன்னா எப்படி இருக்கும்? சர்ஜன் செய்யறது கிட்டத்தட்ட அதுதான்.

1985-ல ஜெர்மனியில எரிக் மூஹே இந்த முறையில பித்தப்பையை எடுத்தார். இந்தியாவுல 1990-ல மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில டெஹம்டன் உட்வாடியா முதல்ல செஞ்சார். நோயாளிக்குத் தழும்பு சின்னதாச்சு. ஆனா சர்ஜனுக்குத் தொடு உணர்வு பெரும்பாலும் போயிடுச்சு. கருவி நுழையற குழாயோட ரப்பர் வால்வு, உள்ளே இருக்கிற கீல், ரெண்டுலயும் உராய்வு. குடல் எவ்வளவு நசுங்குதுன்னு கைக்குச் சரியா வந்து சேராது.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ எடைக்குச் சமமான விசை கால் சதுர சென்டிமீட்டர்ல இறங்கினா, அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு நாலு கிலோ. கார் டயர் காற்றழுத்தத்தைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு! அதே விசையை ஒரு சதுர சென்டிமீட்டர்ல பரப்பினா ஒரு கிலோதான். அதனாலதான் தாடை அகலமா, விளிம்பு மழுங்கலா இருக்கணும்.

அப்போ பல்லே இல்லாம வழவழன்னு செஞ்சுடலாமா? கூடாது. குடல் ஈரமா இருக்கும், வழுக்கும். நழுவினா மறுபடி பிடிக்கணும், இன்னும் இறுக்கிப் பிடிக்கணும். அதுவே காயம். ஆழமில்லாத வரிகள், நடுவுல துளை உள்ள தாடை, குறிப்பிட்ட விசைக்கு மேல போகாம தடுக்கிற ஸ்பிரிங், உறிஞ்சிப் பிடிக்கிற முனைன்னு பல வழிகள்ல முயற்சி நடக்குது. அமெரிக்காவுல 2024-ல அனுமதி வாங்கின டா வின்சி 5 ரோபோவுல, விசையைக் கையில உணர்த்துற கருவிகளும் இருக்கு.

ஆனா மாவட்ட மருத்துவமனைக்கு வேண்டியது, திரும்பத் திரும்பக் கழுவி ஆட்டோகிளேவ்ல வெச்சாலும் தாடை கோணாத கருவி. பல்லிடுக்குல அழுக்கு தங்கக் கூடாது. வடிவமைக்கிற பசங்க அதையும் கணக்குல எடுக்கணும்.

ஏன்னா, குடல்ல விழுந்த கிழிசல் உடனே தெரிஞ்சா தையல் போட்டுடலாம். தெரியாம போனா, உயிருக்கே ஆபத்து. ஆபரேஷனுக்கு அப்புறம் வலி குறையாம கூடிக்கிட்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, காத்திருக்காம டாக்டர்கிட்ட போயிடுங்க.

அடுத்த பகுதியில சந்திப்போம்.