எத்தனையில் எத்தனை?



அணுமின் உற்பத்தியில் உலகில் முதலிடம் பெற்ற நாடு எது? அமெரிக்கா என்பார் ஒருவர். பிரான்சு என்பார் மற்றொருவர். இருவர் கூற்றும் உண்மையே. அஃது எங்ஙனம் என்று ஆராய்வோம்.

அமெரிக்காவில் 90க்கு மேற்பட்ட அணு உலைகள் இயங்குகின்றன. மொத்த உற்பத்தியில் அதனை விஞ்சிய நாடில்லை. ஆயினும் அந்நாட்டின் மின்சாரத்தில் அணுவின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுதான். பிரான்சில் உள்ளவை 57 உலைகளே. அங்கோ அணுவின் பங்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு! மொத்த உற்பத்தியில் 2020ஆம் ஆண்டு பிரான்சை முந்திய சீனாவில் அப்பங்கு 100க்கு 5 அளவே. தாராப்பூரில் 1969இலும் கல்பாக்கத்தில் 1984இலும் அணுமின் உற்பத்தியைத் தொடங்கிய நம் நாட்டில் அது 100க்கு 3 அளவில் நிற்கிறது.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் என்ன? அமெரிக்காவும் சீனாவும் நம் நாடும் நிலக்கரி வளம் மிக்கவை. பிரான்சோ எண்ணெய்க்குப் பிறநாடுகளை நம்பி வாழ்ந்தது. 1973இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயரவே, மறு ஆண்டே அணு உலைகளைப் பெருமளவில் கட்ட அந்நாடு முடிவு செய்தது. ஜெர்மனியோ, 2011இல் ஜப்பானின் புகுஷிமாவில் நேர்ந்த விபத்திற்குப் பின் அணு உலைகளைப் படிப்படியாக மூடத் துணிந்து, எஞ்சிய மூன்றையும் 2023 ஏப்ரல் 15 அன்று நிறுத்திற்று.

ஆஸ்திரியாவின் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது. அங்கு டான்யூப் ஆற்றங்கரையில் அணுமின் நிலையம் ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. அதை இயக்கலாமா என்று 1978 நவம்பர் 5 அன்று மக்களிடமே வாக்குக் கேட்டனர். 32 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். ஏறத்தாழ 30 ஆயிரம் வாக்கு வேறுபாட்டில் 'வேண்டாம்' என்பதே வென்றது. அந்நிலையம் ஒரு நாளும் இயங்கவில்லை. வாக்களித்தவர் அனைவரும் விஞ்ஞானிகள் அல்லர். உழவரும் தொழிலாளரும் இல்லத்தரசியரும் அவர்களுள் இருந்தனர்.

இளைஞர்களே! வாக்குரிமை நமக்கும் உண்டு. அதனை அறிந்து செலுத்துவதற்கே கல்வி. எவரேனும் ஓர் எண்ணைக் கூறினால், 'எத்தனையில் எத்தனை?' என்று கேளுங்கள். நம் தெருவில் இவ்வாண்டு பத்துப் பேர் தேறினர் என்று மகிழ்கிறோம், மகிழ வேண்டியதே. ஆனால் பள்ளியில் சேர்ந்த எத்தனை பேரில் பத்துப் பேர் என்றும் நாம் கேட்போமாக. இடையில் நின்றுவிட்ட பிள்ளைகளின் வீட்டுக்கு வழிகாட்டுவது அந்தக் கேள்வியே.