மீன் குஞ்சுகளை உயிர்க்களையோடு கொண்டுவந்து சேர்ப்பது எப்படி?

(உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நெல்லையும் பயறையும் பற்றிப் பேச வேண்டிய உழவியல் விரிவுரையாளனுக்கு மீன் குஞ்சுகளிடம் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். இன்று மானாவாரி நிலத்திலும் தோட்டத்திலும் பண்ணைக்குட்டைகள் பெருகியிருக்கின்றன. குட்டையில் தண்ணீர் நின்றால் மீன் விடலாம் என்ற எண்ணம் தானாக வருகிறது. அதனால் உரத்தைப் பற்றிப் பேசப் போகிற கூட்டங்களில்கூட இப்போது ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. "பணம் கொடுத்துக் குஞ்சு வாங்கி விட்டேன். ஆறு மாதம் தீனியும் போட்டேன். வலை வீசினால் பத்துக்கு இரண்டுகூடத் தேறவில்லை. பண்ணைக்காரர் எண்ணிக்கையில் ஏமாற்றிவிட்டாரா?" என்பதே அந்தக் கேள்வி.

எண்ணிக்கையில் குறை இருக்கவும் கூடும். ஆனால் பெரும்பாலும் குறை வழியில்தான் நேர்ந்திருக்கும். வண்டியில் வாடிய குஞ்சு குட்டையில் விட்டவுடன் நீந்திப் போவதைப் பார்த்து நாம் திருப்தியோடு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். அது இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அடியில் கிடந்து செத்துப் போகிறது. சிறு குஞ்சு செத்தால் எல்லாம் மிதந்து வருவதில்லை. நண்டும் தவளையும் நீர்க்கோழியும் மிச்சம் வைப்பதும் இல்லை. ஆகவே இழப்பு நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

இதில் குஞ்சின் விலை மட்டும் நட்டமில்லை. 10 சென்ட் குட்டைக்கு எக்டருக்குப் பத்தாயிரம் என்ற கணக்கில் 400 குஞ்சுகள் விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதி செத்துவிட்டது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் 400 மீனுக்கு என்று கணக்கிட்டுத் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் போட்டுக்கொண்டே இருப்பீர்கள். மிஞ்சிய தீனி அடியில் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். பிழைத்திருக்கும் பாதிக்கும் அது கேடாக முடியும்.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை கங்கை முதலிய வடநாட்டு ஆறுகளுக்கு உரிய மீன்கள். ஒரு காலத்தில் ஆற்று வெள்ளத்தில் வரும் நுண்குஞ்சுகளை வலைகட்டிப் பிடித்துத்தான் குளங்களுக்குக் கொண்டு போனார்கள். 1957-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் ஒடிசாவிலுள்ள அங்குலில் ஹிராலால் சவுத்ரி, அலிகுஞ்ஞி ஆகிய அறிஞர்கள் ஊசி மருந்தின் மூலம் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தார்கள். அதன் பிறகே நம் பவானிசாகர், மேட்டூர், ஆழியாறு போன்ற இடங்களில் குஞ்சு கிடைப்பது எளிதாயிற்று. அதற்கு முன்னால் வங்காளத்தில் மண்பானைகளில் குஞ்சுகளை நிரப்பிக் கொண்டு போவார்கள். சுமப்பவர் நடக்கும்போது பானை குலுங்கும்; அந்தக் குலுக்கலில் காற்று தண்ணீரில் கரையும். பானையின் ஈரப்பசையால் தண்ணீரும் குளிர்ந்திருக்கும். கொஞ்சம் செம்மண்ணையும் கரைத்துவிடுவார்கள். அது கழிவைச் சேர்த்து அடியில் படியவைக்கும். இன்று பிளாஸ்டிக் பையும் ஆக்சிஜன் உருளையும் வந்துவிட்டன. ஆனாலும் அந்தப் பானைக்காரர் பார்த்துக்கொண்ட காற்று, குளிர்ச்சி, துப்புரவு ஆகியவற்றைத்தான் நாமும் பார்க்க வேண்டும்.

முதலில் காற்று. 20 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான் தாங்கும். அதே நேரத்தில் வெப்பம் 10 டிகிரி கூடினால் மீனின் மூச்சுத் தேவை ஏறக்குறைய இரட்டிக்கிறது. அதாவது வெயில் ஏற ஏற வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. மீன் வண்டி பகல் பன்னிரண்டு மணிக்கு ஏன் வரக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

அடுத்தது கழிவு. நாம் தின்ற பருப்பின் கழிவு சிறுநீரில் யூரியாவாக வெளியேறுகிறது. மீன் அதை அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரிலேயே விட்டுவிடுகிறது. வயிற்றில் தீனி உள்ள குஞ்சு அதிகம் கழியும்; அதன் சாணமும் பைக்குள்ளேயே அழுகும். ஆகையால் விரலளவுக் குஞ்சுகளை ஏற்றுவதற்கு முதல் நாளே தீனியை நிறுத்த வேண்டும். குஞ்சுகளை வலைத்தொட்டியிலோ ஓடும் நீருள்ள சிமெண்டுத் தொட்டியிலோ நெருக்கமாக வைத்துப் பட்டினி போட வேண்டும். நெருக்கத்துக்கும் கையாளுதலுக்கும் அவை பழகிக்கொள்ளும். பலவீனமானவை அங்கேயே ஒதுங்கிவிடும். பண்ணையில் போய் நின்றதும் "இப்போதே பிடித்துக் கொடுங்கள், பஸ்ஸுக்கு நேரமாகிறது" என்று அவசரப்படுத்தாதீர்கள். முதல் நாளே சொல்லிவைத்து, பட்டினி போட்ட குஞ்சுதானா என்று கேட்டு வாங்குங்கள். என் கருத்தில், மற்ற எல்லாவற்றையும்விட இந்த ஒரு கேள்விதான் அதிகக் குஞ்சுகளைக் காப்பாற்றும்.

பை கட்டும் முறைக்கு வருவோம். வழக்கமாக 18 முதல் 20 லிட்டர் கொள்ளளவுள்ள பாலிதீன் பையை ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டையாக வைத்து, 6 முதல் 8 லிட்டர் தண்ணீர் ஊற்றுவார்கள். பார்வைக்கு இது குறைவாகத் தோன்றும். "இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள்" என்று சிலர் வற்புறுத்துகிறார்கள். அது தவறு. குஞ்சைக் காப்பாற்றுவது பையின் மேற்பகுதியிலுள்ள ஆக்சிஜன். காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். பையில் நிரப்புவது முழு ஆக்சிஜன் ஆதலால், அதே தண்ணீரில் ஏறக்குறைய ஐந்து மடங்கு கரைய வழியுண்டு. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன் என்பதே சரி. குஞ்சை விட்டதும் பையை அமுக்கி உள்ளே இருக்கும் சாதாரணக் காற்றை முழுதும் வெளியேற்றி, பிறகு குழாயைத் தண்ணீருக்குள் விட்டு ஆக்சிஜன் நிரப்ப வேண்டும். வாயை முறுக்கி மடக்கி ரப்பர் வளையம் போட வேண்டும். பந்து போல விறைப்பாக நிரப்பக் கூடாது. வெயில் பட்டால் வாயு விரிந்து பை வெடிக்கும்.

ஒரு பையில் எத்தனை? மூன்று சென்டிமீட்டர் குஞ்சானால் சுமார் 500 வைக்கலாம். நீளம் இருமடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. பத்து சென்டிமீட்டர் விரலிகளை 40-க்கு மேல் ஒரே பையில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பைக்கூலியை மிச்சப்படுத்த இரண்டு பைக் குஞ்சை ஒரு பையில் திணிக்கச் சொல்வது வீண் சிக்கனம்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. குஞ்சு வளர்ந்த தொட்டியின் தண்ணீரையே வடிகட்டிப் பயன்படுத்துவது நல்லது. நகராட்சிக் குழாய் நீரில் குளோரின் இருக்கும். அது செவுளை அரித்துவிடும். ஆழ்குழாய்க் கிணற்று நீரில் ஆக்சிஜன் குறைவு. உயரத்திலிருந்து விழச் செய்து காற்றோட்டம் கொடுத்த பிறகே எடுக்க வேண்டும். லிட்டருக்கு 2 கிராம் அளவு கல்லுப்பைக் கரைத்துக்கொண்டால் குஞ்சின் அதிர்ச்சி குறையும். கடைகளில் விற்கும் நீல மருந்துகள் அவசியமில்லை.

பக்கத்து ஊர்தானே என்று டிரம்மிலும் கேனிலும் கொண்டு வருபவர்கள் உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் வீடு சேர முடியுமானால் குற்றமில்லை. குஞ்சைக் குறைத்து, வாயைத் திறந்து வைத்து, ஈரத்துணி போர்த்தி, ஒருவர் கூடவே இருந்து தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டு வரவேண்டும். மின்கலத்தில் ஓடும் சிறு காற்றுக் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் பூச்சிமருந்து கலக்கிய டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் இதற்கு எடுக்காதீர்கள். சைபர்மெத்ரின் போன்ற மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொன்றுவிடும். உங்கள் மூக்குக்கு வாடை தெரியாத அளவும் குஞ்சுக்கு நஞ்சுதான்.

விராலுக்குத் தூண்டில் போடும் இளைஞர்கள் உயிர்க்கெண்டையை டப்பாவில் அடைத்துக்கொண்டு ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். அவர்களுக்கும் இதே கணக்குத்தான். தகர டப்பாவைவிட வாய் அகன்ற மண்பானை சிறந்தது. நிழலில் வைத்து அவ்வப்போது தண்ணீர் மாற்றினால் போதும். ஆனால் மிஞ்சிய பொடிமீனை அடுத்தவர் குட்டையில் கொட்டிவிட்டு வருவது கூடாது. அதில் இரண்டு ஜிலேபிக் கெண்டை இருந்தால் போதும், அடுத்த ஆண்டு குட்டை முழுவதும் அதுவாகவே இருக்கும்.

வண்டியில் வரும்போது பைகளை அட்டைப் பெட்டியிலோ ஈரச் சாக்கிலோ வைத்து நிழலாகக் கொண்டு வரவேண்டும். இரவுப் பயணமோ விடியற்காலைப் பயணமோ ஏற்றது. பனிக்கட்டி வைப்பதானால் தனிப் பையில் கட்டிப் பெட்டிக்குள் வையுங்கள். குஞ்சுப் பையின்மேல் நேரடியாக வைக்கக் கூடாது. வழியில் நெடுநேரம் நிறுத்துவது நல்லதன்று. தேநீர்க் கடை வாசலில் வெயிலில் நிற்கும் வண்டியில் இரண்டு கேடு: தண்ணீர் சுடுகிறது, குலுக்கல் நின்றுவிடுகிறது. மேலே ஆக்சிஜன் இருந்தும் அசையாத தண்ணீரில் அது மெல்லத்தான் கரையும். நிற்க நேர்ந்தால் பைகளை மெதுவாக அசைத்துக்கொடுங்கள்.

இப்போது குட்டைக்கரைக்கு வந்துவிட்டோம். உயிரோடு வந்த குஞ்சை நாம் கொல்வது பெரும்பாலும் இங்கேதான். வந்ததும் பையை அவிழ்த்து "தம் பிடித்திருக்கிறதே, காற்று வாங்கட்டும்" என்று திறந்து வைத்துவிட்டு வெற்றிலை போட உட்காருகிறார்கள். இது பெரிய ஆபத்து.

களர் நிலத்தில் யூரியாவை மேலாகத் தூவினால் அம்மோனியா ஆவியாகப் பறந்துபோகும் என்று நான் உங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். காரத்தன்மை கூடினால் அம்மோனியம் என்ற சாதுவான வடிவம் அம்மோனியா என்ற நச்சு வடிவமாக மாறுகிறது. பைக்குள்ளும் அதே வேதியியல்தான். கட்டிய பையில் குஞ்சு விட்ட மூச்சுக்காற்றின் கரியமில வாயு கரைந்து, சோடா நீர் போலத் தண்ணீரைப் புளிப்பாக வைத்திருக்கிறது. அதனால் சேர்ந்துள்ள கழிவு பெருமளவு சாதுவாக இருக்கிறது. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறுகிறது, புளிப்பு குறைகிறது, கழிவு நஞ்சாகிறது. காற்று கொடுப்பதாக எண்ணிக்கொண்டு நஞ்சைத்தான் கொடுக்கிறோம்.

ஆகையால் பையைக் கட்டியபடியே குட்டை நீரில் மிதக்கவிடுங்கள். நிழல் இருந்தால் நிழலில், இருபது முதல் முப்பது நிமிடம். கையை உள்நீரிலும் வெளிநீரிலும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாத அளவுக்கு வெப்பம் சமமாகட்டும். அதன் பிறகே அவிழ்த்து, குட்டை நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பத்து நிமிடத்துக்குள் பையைச் சாய்த்துப் பிடியுங்கள். குஞ்சு தானாக நீந்தி வெளியேற வேண்டும். கவிழ்த்துக் கொட்டக் கூடாது.

விடும் நேரத்தையும் கவனிக்கவும். "விடியற்காலையில் விடுங்கள்" என்று பொதுவாகச் சொல்வதுண்டு. தண்ணீர் பச்சையாக உள்ள குட்டைக்கு இது பொருந்தாது. பாசி பகலில் ஆக்சிஜனை உண்டாக்குகிறது. இரவில் அதுவும் மூச்சுவிட்டுச் செலவழிக்கிறது. சூரியன் புறப்படும் முன்புதான் குட்டையில் ஆக்சிஜன் மிகவும் குறைவு. அந்த வேளையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே வெயில் சற்று ஏறிய எட்டு மணி அளவிலோ மாலையிலோ விடுவது மேல். பகை மீன்களை ஒழிக்க இலுப்பைப் பிண்ணாக்கு போட்டிருந்தால் மூன்று வாரம் கழித்து, நாலைந்து குஞ்சை விட்டுப் பார்த்த பிறகே மற்றவற்றை விட வேண்டும்.

கடைசியாக ஒரு சிறு வேலை. பழைய கொசுவலைத் துணியைப் பெட்டி போலத் தைத்து, நாலு குச்சி நட்டுக் குட்டைக்குள்ளேயே கட்டுங்கள். வந்த குஞ்சில் ஐம்பதை எண்ணி அதில் விட்டு, மேலே ஒரு துணியால் மூடிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துத் தூக்கிப் பார்த்து எண்ணுங்கள். ஐம்பதில் நாற்பத்தைந்து இருந்தால் குட்டையிலும் ஏறக்குறைய அதே விகிதம்தான் பிழைத்திருக்கும். தீனியை அந்தக் கணக்கில் போடலாம். இருபதுதான் இருந்தால் உடனே பண்ணைக்காரரிடம் போய்ப் பேசவும், குறைந்த குஞ்சை அந்தப் பருவத்திலேயே மறுபடி வாங்கி விடவும் காலம் இருக்கும். தேதியையும், பையின் எண்ணிக்கையையும், வந்து சேர்ந்த நேரத்தையும், வலையில் பிழைத்த எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். வெறுங்கையோடு போய் வாதாடுவதைவிட அதற்கு மதிப்பு அதிகம். எண்ணி முடித்ததும் அந்த ஐம்பதையும் குட்டையிலேயே விட்டுவிட்டு, வலைத்துணியைக் கழுவி வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள். அடுத்த முறைக்கும் அதுவே உதவும்.