அளவறிந்த ஆற்றல்

விளையாட்டுப் போட்டி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது வெற்றி பெற்றவரின் உருவமே. கழுத்தில் பதக்கம், கையில் கோப்பை, சுற்றிலும் ஆரவாரம். ஆனால் களம் புகுவோர் நூறு பேராயின் முதலிடம் பெறுபவர் ஒருவர்தாமே! எஞ்சிய தொண்ணூற்றொன்பது பேரும் எதற்காக ஓடுகின்றனர்? பிழைப்பிற்கு வேறொரு தொழிலை வைத்துக்கொண்டு, விடியற்காலையிலும் அந்தியிலும் பயிற்சி செய்து, கைப்பொருளையும் செலவிட்டுப் போட்டிக்கு வரும் அமெச்சூர் வீரர் அடையும் பயன் யாது? மாணவ நண்பர்களே, இவ்வினாவிற்கு விடை காண உதவும் ஒரு பந்தயத்தைப் பற்றி இன்று பேச விழைகின்றேன். அதன் பெயர் டிரையத்லான். தமிழில் அதனை முத்திறப் போட்டி எனலாம்.

இப்போட்டியில் முதலில் நீந்த வேண்டும். கரையேறியதும் சைக்கிளில் ஏற வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட வேண்டும். இடையே ஓய்வு கிடையாது; உடை மாற்றும் நேரமும், காலணி அணியும் நேரமும்கூடக் கணக்கில் சேரும். 2000-ஆம் ஆண்டில் சிட்னி ஒலிம்பிக்கில் இப்போட்டி முதன்முதலாக இடம்பெற்றது. அங்கே வகுக்கப்பெற்ற அளவு, நீச்சல் 1.5 கிலோமீட்டர், சைக்கிள் 40 கிலோமீட்டர், ஓட்டம் 10 கிலோமீட்டர் என்பதாகும்.

இவ்வளவுகள் ஏட்டில் சிறியனவாகத் தோன்றும். பாலக்கரையில் வாழும் ஓர் இளைஞர் இவற்றைத் தம் ஊர்க் கணக்கில் எண்ணிப் பார்க்கட்டும். திருச்சியையும் திருவரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலத்தின் நீளம் அரைக் கிலோமீட்டருக்குச் சற்றே மிகுதி. அதைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு தொலைவை நீந்திக் கடக்க வேண்டும். பின்னர்ப் பாலக்கரையிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் வழியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தூரம் சைக்கிள் மிதிக்க வேண்டும். அதன்பின், பாலக்கரைக்கும் திருவெறும்பூருக்கும் உள்ள தொலைவையொத்த தூரம் ஓட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே காலைப்பொழுதில், ஒரே உடலைக் கொண்டு செய்து முடிக்க வேண்டும்!

இதனினும் நெடியதொரு வகையும் உண்டு. அதன் பிறப்பிடம் பசிபிக் கடலிலுள்ள ஹவாய்த் தீவுகள். நீந்துவோர், சைக்கிள் ஓட்டுவோர், நெடுந்தூரம் ஓடுவோர் ஆகிய மூவருள் உடல் வலிமை மிக்கவர் யார் என்று நண்பர்களிடையே ஒரு விவாதம் எழுந்தது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் என்பார், அத்தீவில் தனித்தனியே வழங்கிவந்த மூன்று நெடும்பந்தயங்களின் அளவுகளையும் ஒன்றாகச் சேர்த்து, அதனை முதலில் முடிப்பவரே இரும்பு மனிதர் என்றார். கடலில் ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர் நீச்சல். 180 கிலோமீட்டர் சைக்கிள். முடிவில் 42 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட மாரத்தான் ஓட்டம். அந்தச் சைக்கிள் தூரம் மட்டும் திருச்சியில் புறப்பட்டு மதுரையையும் தாண்டி விருதுநகரை நெருங்கும் தூரமாகும்.

1978 பிப்ரவரி 18-ஆம் நாள் நிகழ்ந்த அம்முதற் பந்தயத்தில் கலந்துகொண்டோர் பதினைந்து பேர், முடித்தோர் பன்னிருவர். பணப்பரிசு ஏதுமில்லை. ஜான் டன்பார் என்பவர் நீந்தி எழுந்தபோதும், சைக்கிளை விட்டு இறங்கியபோதும் கோர்டன் ஹாலர் என்பவருக்கு முன்னிருந்தார். ஆயின் ஓட்டத்தின்போது டன்பாருடைய துணைவர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. கையிலிருந்த பீரைக் கொடுத்தனராம்! அவர் தளர்ந்தார். ஓட்டத்தில் தேர்ந்த ஹாலர் அவரைக் கடந்து, 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முடித்தார். டன்பார் வந்து சேர்ந்தது அதற்கு 33 நிமிடங்களுக்குப் பின்னர். பந்தயத்தை வகுத்த காலின்ஸும் அதில் கலந்துகொண்டு, 17 மணி நேரம் உழைத்து முடித்தார். வலிமை மட்டும் போதாது, ஒரு குவளைத் தண்ணீரையும் முன்கூட்டி எண்ணி வைத்தல் வேண்டும் என்பதனை முதல் ஆண்டிலேயே இப்பந்தயம் உணர்த்திவிட்டது.

இனி, இப்பந்தயத்தில் புதிதாக நுழையும் ஒருவர் அடையும் அனுபவத்தைக் காண்போம். நீச்சற்குளத்தில் பழகியவர் திறந்த நீரில் இறங்கியதும் திகைப்படைகிறார். பிடித்துக்கொள்ளச் சுவரில்லை, வழிகாட்ட அடியிற் கோடில்லை. முன்னே செல்பவரின் கால் முகத்தில் படும். பின்னே வருபவரின் கை முதுகில் விழும். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும். அந்நேரத்தில் விரைந்து நீந்த முயல்பவர் விரைவிலேயே களைப்பார். வேகத்தைக் குறைத்து, மூச்சை ஒழுங்குபடுத்திக் கொள்பவரே கரை சேர்வார். பொறுமையே முதற் பாடம்.

சைக்கிளில் ஏறியதும் மனம் மகிழ்கிறது. கைகள் ஓய்ந்தன, கால்களோ இன்னும் களைக்கவில்லை. பிறர் முந்திச் செல்வதைக் கண்டதும் தாமும் விரைய வேண்டும் என்ற ஆசை எழுகின்றது. இங்கேதான் பலர் தம் பந்தயத்தை இழக்கின்றனர். நம் தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்னும் மாச்சத்து சேமித்து வைக்கப்பட்டுள்ளது. விரைவாகச் செலவிட்டால் இரண்டொரு மணி நேரத்திற்கே அது போதும். வழியில் சிறிது சிறிதாக உணவு உட்கொள்ளாமலும், அளவோடு நீர் பருகாமலும் செல்பவர், சேமிப்பை ஒரே நாளில் செலவழித்த குடும்பத் தலைவரைப் போலாவார். நீரை அளவுக்கு மீறிப் பருகுவதும் தீங்கே. குருதியிலுள்ள உப்பின் செறிவு குறைந்து மயக்கமும், சிற்சில வேளைகளில் உயிருக்கே இடரும் நேர்வதுண்டு.

சைக்கிளை விட்டு இறங்கி ஓடத் தொடங்கியதும் கால்கள் தம்முடையனவாகவே தோன்றுவதில்லை. மரக்கட்டைகளைக் கட்டிவிட்டாற் போலிருக்கும். நெடுநேரம் வட்டமாகச் சுழன்று பழகிய தசைகள் ஓட்டத்திற்கு இசையச் சிறிது நேரமாகும். முன்னிரண்டு பகுதிகளிலும் தன்னைத் தானே ஏமாற்றிக் கொண்டவர் அக்கடனை இங்கே வட்டியுடன் செலுத்த நேரும்.

1982 பிப்ரவரியில் ஹவாயில் நிகழ்ந்த பந்தயத்தில் ஜூலி மாஸ் என்னும் இருபத்து மூன்று வயது மாணவி கலந்துகொண்டார். உடற்பயிற்சியியல் பற்றிய தம் ஆய்வுக் கட்டுரைக்காகவே அவர் அதில் சேர்ந்தார். பெண்களுள் முதல்வராக ஓடிவந்த அவர், எல்லைக்கோட்டை நெருங்கியபோது உடல் வலுவிழந்து விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். கோட்டிற்கு மிக அருகில் கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து சென்று முதலிடம் பெற்றார். மாஸ் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்து வந்து கோட்டைத் தொட்டார். இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 29 விநாடிகளே. தொலைக்காட்சியில் அக்காட்சியைக் கண்டு, அதுவரை இப்பந்தயத்தின் பெயரையும் அறியாத பலர் பயிற்சியைத் தொடங்கினர். அவர்களை ஈர்த்தது இரண்டாம் இடம் பெற்றவரின் உறுதியே.

உறுதி போற்றத்தக்கதே. எனினும் அதற்கும் ஓர் எல்லை உண்டா என்று நாம் கேட்டாக வேண்டும். ஈழத்து வல்வெட்டித்துறையைச் சேர்ந்த வழக்கறிஞர் ஆனந்தனை ஆழிக்குமரன் என்று தமிழுலகம் போற்றுகின்றது. 1971-இல் அவர் இலங்கைக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலுள்ள பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, மீண்டும் நீந்தியே திரும்பினார். எடுத்துக்கொண்ட நேரம் 51 மணி. 1979-இல் கொழும்பு நகரப் பூங்கா ஒன்றைச் சுற்றி 187 மணி நேரத்திற்கும் மேலாகச் சைக்கிள் ஓட்டினார். நீரையும் நிலத்தையும் ஒருங்கே வென்ற அப்பெருமகன், 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றபோது உயிர் துறந்தார். அவருடைய மனவலிமையில் குறை காண எவராலும் இயலாது. ஆயினும், கடல் மனவலிமையை மட்டும் கேட்பதில்லை என்பதனை அவருடைய முடிவு நம்மை நினைக்க வைக்கின்றது. திருக்குறளில் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் இருப்பது போலவே, வலியறிதலுக்கும் ஓர் அதிகாரம் அமைந்திருத்தல் காண்க. ஒன்றையொன்று தழுவி நிற்க வேண்டிய பண்புகள் அவை.

ஆதலால், இவ்வுரையைக் கேட்டு ஆர்வம் கொள்ளும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீச்சலைக் காவிரியிலோ கொள்ளிடத்திலோ தனியே சென்று பழகாதீர்கள். மேலே அமைதியாகத் தோன்றும் ஆற்றின் அடியில் மணற்பள்ளங்களும் சுழல்களும் உண்டு. காவலர் உள்ள குளத்தில், ஆசிரியரின் பார்வையில் கற்றுக்கொள்ளுங்கள். சைக்கிள் பந்தயச் சைக்கிளாக இருக்க வேண்டுவதில்லை. நாள்தோறும் கல்லூரிக்குக் கொண்டு செல்வதே தொடக்கத்திற்குப் போதும். தலைக்கவசம் மட்டும் இன்றியமையாதது. கோடை நாட்களில் வெயில் ஏறுமுன் ஓட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள். உடல் வேண்டாம் என்று சொல்லும் நாளில் நின்றுவிடுங்கள், மறுநாள் தொடரலாம். காலம் கடந்துவிட்டதே என்று கலங்கவும் வேண்டுவதில்லை. அமெரிக்கக் கன்னித்துறவி மடோன்னா புடர் ஓடப் பழகியது நாற்பத்தெட்டாம் வயதில். நெடும்பந்தயம் ஒன்றைக் கனடாவில் 2012-இல் முடித்தபோது அவருக்கு வயது எண்பத்திரண்டு!

முதலில் கேட்ட வினாவிற்கு இப்போது விடை கூறலாம். தன்னிடம் உள்ள ஆற்றல் எவ்வளவு, அதனை எப்போது சேமிப்பது, எப்போது செலவிடுவது, எவ்விடத்தில் நிற்பது ஆகியவற்றை ஏட்டில் படித்து எவரும் அறிந்ததில்லை. தம் உடலைக் கொண்டே அறிய வேண்டும். தேர்வானாலும் தொழிலானாலும் இல்வாழ்க்கையானாலும் அவ்வறிவு நமக்குத் துணைநிற்கும். முதலில் வருபவருக்குக் கிடைக்கும் பதக்கம் ஒன்றே; இவ்வறிவோ இறுதியில் வருபவருக்கும் குறைவின்றிக் கிடைக்கின்றது. அதற்காகவே எஞ்சிய தொண்ணூற்றொன்பது பேரும் ஓடுகின்றனர்.