பதில் கிடைக்காத கேள்விகளோடு



இந்த மண்டபத்தில் காலைப் பிரார்த்தனைக்குக் கண் மூடி நின்ற எங்களுக்கு, பிரார்த்திக்க வார்த்தை வராத நாட்களும் பின்னர் வந்தன. 2004இல், நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு காலை கடல் ஊருக்குள் வந்தது. வைத்தியசாலை விறாந்தையில் பிள்ளைகளை வரிசையாகக் கிடத்தினோம். "ஏன் டொக்டர்?" என்று கேட்ட தாய்மாரிடம் "தேவ சித்தம்" என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் குண்டுக்குப் பலியானபோது, அதே கேள்வி திரும்பி வந்தது. எங்களிடம் இன்றும் பதில் இல்லை.

வேதாகமம் இந்தக் கேள்வியை மறைக்கவில்லை. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. யோபுவுக்குக் கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை. தோமா நம்ப மறுத்தார். ஆனாலும் எட்டு நாட்களின் பின் மற்றச் சீடரோடு அதே வீட்டில் இருந்தார். அவர்களும் அவரை வெளியே அனுப்பவில்லை.

கேள்வியை விழுங்காமலும் கூட்டத்தை விட்டுப் போகாமலும் இருக்கவே நாங்கள் பழகி வருகிறோம். தேவாலயத்துக்குப் போக மனம் வராத தோழி ஒருத்தி எங்களிடையே இருக்கலாம். அவளுக்கு விளக்கம் சொல்ல வேண்டாம். பக்கத்தில் இடம் விடுவோம்.