தன்யூப் எல்லை: மதிலும் களஞ்சியமும்

கி.பி. 6ஆம் நூற்றாண்டில் தன்யூப் கரையில் கோட்டைகளுக்குக் குறைவில்லை. கிழக்கு உரோமப் பேரரசர் ஜஸ்டினியன் ஆட்சியில் பால்கன் நிலமெங்கும் புதிதாக எழுந்தவையும் பழுது பார்க்கப்பட்டவையுமாகப் பல நூறு கோட்டைகளை வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் பெயர் பெயராக அடுக்குகிறார். அப்படியிருந்தும் அவார்களும் சிலாவியரும் அந்த எல்லையைத் திரும்பத் திரும்பக் கடந்து வந்தார்கள். ஆகவே இந்தக் கருத்தரங்கின் பொருளை மதிலிலிருந்து தொடங்குவதைவிட, மதிலுக்குள் காவல் நின்றவனின் உணவிலிருந்தும் சம்பளத்திலிருந்தும் தொடங்குவதே பொருந்தும்.

கீழைத் தன்யூப் மாகாணங்கள் படையெடுப்புகளால் நலிந்து, தம் படைக்குத் தாமே உணவளிக்க இயலாமல் போயின. 536இல் ஜஸ்டினியன் இரண்டாம் மோசியாவையும் சிறிய சித்தியாவையும் சைப்ரஸ், காரியா, ஏஜியன் தீவுகள் ஆகியவற்றுடன் ஒரே நிர்வாகத்தில் இணைத்தார். நிலப்படத்தில் ஒட்டாத இந்தச் சேர்க்கை கடல்வழியில் கச்சிதமாக ஒட்டியது. தென்கடல் பகுதிகளின் எண்ணெயும் திராட்சை மதுவும் கருங்கடல் வழியாக ஆற்றில் ஏறி வந்தன. கோட்டை இடிபாடுகளில் கிடைக்கும் இருகாதுச் சாடிகளின் ஓடுகள் இதற்குச் சாட்சி.

எதிரிகள் ஒரே வகையினர் அல்லர். சிலாவியர் சிறு குழுக்களாகக் காட்டிலும் சதுப்பிலும் மறைந்து தாக்கினர். நாணல் தண்டால் மூச்சு விட்டபடி நீருக்கடியில் கிடப்பார்கள் என்று 'ஸ்ட்ராட்டெகிகான்' என்னும் போர்நூல் எழுதுகிறது. மரங்கள் இலையுதிர்ந்து, பனியில் காலடி பதியும் குளிர்காலத்தில் அவர்களைத் தாக்க வேண்டும் என்பது அதன் அறிவுரை. அவார்களோ ககான் எனப்படும் தலைவன் ஒருவனின் கீழ் திரண்ட குதிரைப்படையினர். ஆண்டுக்கு 80,000 பொற்காசுகள் வாங்கிக்கொண்டு அமைதி காத்தவர்கள்.

அந்த அமைதியின் விலை சாவா ஆற்றங்கரை நகரான சிர்மியத்தில் தெரிந்தது. சிலாவியரைத் தாக்கவே பாலம் என்று சத்தியம் செய்து, ககான் பையான் சாவா ஆற்றின் குறுக்கே பாலம் கட்டினான். நகருக்கு உணவு வரும் வழி அடைபட்டது. பேரரசின் பெரும்படை பாரசீகப் போரில் சிக்கியிருந்தது. பட்டினியில் வாடிய நகரத்தான் ஒருவன் ஓட்டில் பிழை மலிந்த கிரேக்கத்தில் ஒரு வேண்டுதலைக் கீறினான்: கிறிஸ்து நகரைக் காக்க வேண்டும், அவாரைத் தடுக்க வேண்டும், எழுதியவனையும் காக்க வேண்டும். இந்த ஆய்வுத்துறையில் இதைவிட நெருக்கமான குரல் வேறில்லை. 582இல் நகரம் சரணடைந்தது. மக்கள் உடைமைகளை விட்டுவிட்டு வெளியேறினர். மூன்றாண்டுக் கப்ப நிலுவையும் செலுத்த நேர்ந்தது.

591இல் பாரசீகத்தோடு சமாதானம் ஆனதும் பேரரசர் மொரிஸ் படைகளை மேற்கே திருப்பினார். 599இல் தளபதி பிரிஸ்கஸ் ஆற்றைக் கடந்து, அவார்களை அவர்கள் நிலத்திலேயே முறியடித்தார். ஆற்றைக் காப்பதற்கு அக்கரைக்குச் செல்ல வேண்டும் என்ற கொள்கை பலித்தது. ஆனால் 602இல், செலவைக் குறைக்க, குளிர்காலத்தையும் அக்கரையிலேயே சிலாவியர் நிலத்தில் கழிக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. போர்நூலின் கணக்குச் சரிதான். கேட்டவர்களோ களைத்துப்போன சிப்பாய்கள். அவர்கள் போக்கஸ் என்பவனைத் தலைவனாக்கித் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளை நோக்கி நடந்தனர். மொரிஸும் மகன்களும் கொல்லப்பட்டனர். எல்லைப்படை மெல்ல மெல்லக் கிழக்குப் போருக்குக் கரைந்தது.

626இல் அவார் படை கான்ஸ்டாண்டிநோபிள் மதிலடிக்கே வந்தது. சிலாவியரின் மரத்தோணிகள் நகரை ஒட்டிய பொற்கொம்பு வளைகுடா நீரில் அழிக்கப்பட்டன. முற்றுகையைக் கைவிட்டபோது, பயந்து போகவில்லை, உணவு போதாமல் போகிறேன் என்று ககான் சொல்லியனுப்பியதாக அக்கால வரலாற்றேடு பதிவு செய்திருக்கிறது.