பாசத்தை அறியும் கல்வி

சிறப்புக் கல்வியில் பட்டம் பெறும் இளம் நண்பர்களே,

ஆட்டிஸம் உள்ள குழந்தைகளோடும் அவர்களைப் பேணி வளர்ப்பவர்களோடும் வாழ்நாளெல்லாம் பழகப் போகிற உங்களிடம் இந்தச் சுபதினத்தில் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: பாசம் என்றால் நமக்குப் பழக்கமான லக்ஷணங்களோடுதான் வர வேண்டும் என்று எண்ணி எந்த வீட்டையும் எடைபோடாதீர்கள்.

அவ்வாறு எடைபோட்டதன் விளைவைச் சரித்திரம் காட்டுகிறது. 1943-இல் மனநல மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பரிசோதித்து ஆட்டிஸத்தை விவரித்தபோது, அவர்களுடைய பெற்றோரில் கனிவுடையவர் சிலரே என்றும் எழுதிவைக்க, அக்குறிப்பு நாளடைவில் தாயின் அன்பின்மையே அனைத்துக்கும் காரணம் என்னும் அபவாதமாக முற்றி, 1967-இல் வெளிவந்த புருனோ பெட்டல்ஹெய்மின் நூலால் மேலும் பரவி, இராப்பகலாகக் கண்விழித்த தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. ஆட்டிஸம் உள்ள மகன் ஒருவனின் தந்தையும் உளவியல் அறிஞருமான பெர்னார்டு ரிம்லண்ட், காரணம் உடலமைப்பில் உள்ளதேயன்றி வளர்ப்பில் இல்லை என்று 1964-லேயே வாதாடியிருந்தார். 1969-இல் கானரே பெற்றோர் சபையில் நின்று அவர்களைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்.

குழந்தைகளுக்கும் பந்தம் என்பது இல்லை என்றார்கள். ஆனால் 1984-இல் மரியன் சிக்மனும் ஜூடி அங்கரரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், அறையை விட்டுப் போன தாய் திரும்பி வந்ததும், அக்குழந்தைகள் அந்நியரைக் காட்டிலும் அவளையே அதிகம் நாடினர். நீங்கள் செல்லும் வீடுகளில் இதைப் பிரத்யக்ஷமாகக் காண்பீர்கள். அழைத்தால் திரும்பிப் பாராத சிறுவன், தாகம் எடுத்தால் தாயின் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீர்க் குடத்தின்மேல் அவள் கையை வைப்பான்; அவளோ, குக்கர் விசில் அவனுக்குச் சகிக்காதென்று அறிந்து, அது கூவுமுன் அவனைக் கொல்லைப்புறத்துக்கு அழைத்துப் போவாள்; புதுச் சட்டை வாங்கினால், கழுத்தில் உறுத்தும் துணிச்சீட்டைக் கத்தரித்த பிறகே போட்டுவிடுவாள்.

தாமும் ஆட்டிஸம் உடையவரான ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் எடுத்துக்காட்டியபடி, ஒருவரையொருவர் அறிந்துகொள்ள இயலாமை ஆட்டிஸம் உள்ளவர், இல்லாதவர் என்னும் இருபுறத்துக்கும் பொதுவானதாகையால், அதை அச்சிறுவன் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. அந்தத் தாய் தன் பங்கைச் செய்துவிட்டாள். செய்ய வேண்டியவர்கள் நாம். அவள் களைத்துச் சலித்துப் பேசும் நாளில், அதை அன்பின் குறைவென்று கருதாமல், யாரும் கைகொடுக்காத உழைப்பின் பாரம் என்று உணர்ந்து, பயிற்சி அட்டவணையை நீட்டுவதற்கு முன் அவள் அறிந்து வைத்திருப்பதை நிதானமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அனுதாபம் இல்லாவிட்டால் நீங்கள் கற்ற சாஸ்திரம் மீண்டும் ஒரு தாயைக் கூண்டில் ஏற்றும். இருந்தாலோ, அந்த வீட்டுக்கு ஒரு துணை கிடைக்கும். அத்தகைய துணையாக நீங்கள் விளங்க வேண்டுமென்று பிரார்த்தித்து, உங்களை மனமார ஆசீர்வதிக்கிறேன்.