மருந்து ஆராய்ச்சியும் ஏழை மக்களும்
(சடையங்குப்பத்தில் பேசியது)

மருந்து ஆராய்ச்சி என்றதும் “நம்மை எலியாக்கப் பார்க்கிறார்கள்” என்று சிலர் முணுமுணுக்கிறீர்கள். அந்தப் பயம் மூடநம்பிக்கை என்று நாம் சொல்ல வரவில்லை. 2010-ல் நிறுத்தப்பட்ட கம்மம் தடுப்பூசி ஆராய்ச்சியில், பல பெண்பிள்ளைகளுக்குப் பெற்றோரைக் கேளாமல் விடுதி வார்டன்களே கையெழுத்திட்டார்கள்.

ஆனால் சென்னைச் சங்கதியையும் கேளுங்கள். க்ஷயம் வந்தவன் சானடோரியத்தில் படுத்து, நல்ல ஆகாரம் தின்று, காற்று வாங்கினால்தான் பிழைப்பான் என்பது அக்காலத்து டாக்டர்களின் வேதவாக்கு. கூலிக்காரன் எங்கே போவான்? 1956-ல் இங்கே தொடங்கிய ஆராய்ச்சியில் ஒரு சாரார் சானடோரியத்திலும், மற்றவர் தங்கள் நெருக்கடியான வீட்டிலும் ஒரே மருந்தை ஒரு வருடம் சாப்பிட்டார்கள். வீட்டுக்கே ஆள் போய், சொல்லாமல் கொள்ளாமல் மாத்திரையை எண்ணிப் பார்த்தார்கள். 1959-ல் வெளியான முடிவு என்னவென்றால், வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அவ்வளவே குணமடைந்தார்கள் என்பதாகும். வேதவாக்கைப் பொய்யாக்கியவர்கள் சென்னை ஏழைகளேயல்லாமல் வேறு யார்? அவர்கள் பயந்து ஒதுங்கியிருந்தால் இது தெரிந்திருக்குமா?

ஆகவே, கூப்பிடுகிறவர்கள் தமிழில் விளங்கச் சொல்லட்டும். ஷிப்டு முடிந்த நேரத்தில் வரட்டும். இழந்த கூலியைக் கொடுக்கட்டும். புது மருந்துச் சோதனைக்கு 2019-ம் வருட விதிப்படி எழுத்துமூலம் சம்மதம் வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நடுநிலைச் சாட்சி வேண்டும், எப்போதும் விலகலாம், சோதனையால் கெடுதி நேர்ந்தால் இலவச வைத்தியமும் நஷ்டஈடும் உண்டு. டாக்டரைப் புரோகிதராக்கிக் கைநாட்டு வைக்காதீர்கள். காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெண்களுக்கும் படித்துக்காட்டி, மறுநாள் பதில் சொல்லுங்கள். யாரிடமாவது அப்படிப்பட்ட காகிதம் இருந்தால் இப்போதே மேடைக்குக் கொடுங்கள், வாசிக்கிறோம்.